சத்தியேந்திர நாத் போஸ்

சத்தியேந்திர நாத் போஸ் (ஜனவரி 1, 1894 – பெப்ரவரி 4, 1974) வங்காளத்தைச் சேர்ந்த இந்திய இயற்பியலாளர், கணிதவியலாளர் மற்றும் பேராசிரியர் ஆவார். ஒளியைத் துகள்களாகக் கொண்டு, அத்துகள்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய இயலாதவை என்னும் அடிப்படையில் அவற்றை எண்ணும் முறையை 1924-ஆம் ஆண்டில் இவர் வெளியிட்டார். ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் இம்முறையை அணுக்களுக்கும் விரிவாக்கினார். எனவே இது போஸ்-ஐன்ஸ்டீன் புள்ளியியல் என்று அழைக்கப்படுகிறது. இப்புள்ளியியலைப் பின்பற்றும் துகள்கள் யாவும் இவர் பெயரால் போசான்கள் எனப்படுகின்றன.

மீக்குளிர் நிலையிலுள்ள அணுக்களின் முகிலுக்குள் ஒளியை நிறுத்தி, அது சுமந்து வரும் குவாண்டம் தகவலைச் சேமித்து வைக்கும் ஆய்வுகளைப் பற்றிப் படிப்போர் போசின் பெயரை அடிக்கடி காண்பர். ஆனால் அந்த ஆய்வுகளில் போசின் பங்கு எது, ஐன்ஸ்டீனின் பங்கு எது, பின்வந்தோரின் பங்கு எது என்பது பல நூல்களிலும் செய்திகளிலும் குழப்பமாகவே தரப்படுகிறது. அதனைப் பிரித்துப் பார்ப்பது போசின் பெருமையைக் குறைப்பதாகாது.

இளமையும் கல்வியும்

போஸ் கல்கத்தாவில் (இன்றைய கொல்கத்தா) பிறந்தார். தந்தை சுரேந்திரநாத் போஸ் கிழக்கிந்திய இரயில்வேயின் பொறியியல் பிரிவில் பணியாற்றியவர். தாயார் ஆமோதினி தேவி. ஏழு குழந்தைகளுள் இவரே மூத்தவரும் ஒரே மகனும் ஆவார். குடும்பத்தின் பூர்வீக ஊர் நதியா மாவட்டத்தில் உள்ளது.

1907-இல் இந்துப் பள்ளியில் சேர்ந்த போஸ், 1909-இல் நுழைவுத் தேர்வில் தேறிக் கல்கத்தாவின் பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். அங்கு ஜகதீஷ் சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் ஆகியோர் இவருக்கு ஆசிரியர்களாக அமைந்தனர். 1913-இல் இளநிலைத் தேர்விலும் 1915-இல் கலப்புக் கணித முதுநிலைத் தேர்விலும் இவர் முதலிடம் பெற்றார். இரண்டு முறையும் இரண்டாமிடம் பெற்றவர் இவருடைய வகுப்புத் தோழரும், பிற்காலத்தில் விண்மீன்களின் அயனியாக்கச் சமன்பாட்டால் புகழ்பெற்றவருமான மேகநாத் சாகா ஆவார். மாணவராக இருந்தபோதே, 1914-இல், போசுக்கும் உஷாவதி அம்மையாருக்கும் திருமணம் நடைபெற்றது.

போஸ் தம் வாழ்நாளில் முனைவர் பட்டம் பெறவில்லை. இவருடைய மிக உயர்ந்த கல்வித் தகுதி முதுநிலைப் பட்டமே.

அறிவியல் கல்லூரியில்

ஆசுதோஷ் முகர்ஜி கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தொடங்கிய அறிவியல் கல்லூரியில் போசும் சாகாவும் 1916-இல் இணைந்தனர். பாடம் நடத்த வேண்டியவர்களே முதலில் பாடத்தைக் கற்க வேண்டிய நிலை. முதல் உலகப் போரினால் ஐரோப்பாவிலிருந்து புதிய நூல்களும் இதழ்களும் வருவது அரிதாகிவிட்டது. சிப்பூர் பொறியியல் கல்லூரியில் பணியாற்றிய புரூல் என்னும் ஐரோப்பியப் பேராசிரியரிடம் ஜெர்மன் மொழியில் இருந்த இயற்பியல் நூல்களை இரவல் பெற்று இருவரும் படித்தனர். அதற்காகவே ஜெர்மன் மொழியும் கற்றனர். 1917-இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த ச. வெ. இராமன் அதே கல்லூரியின் பாலித் பேராசிரியராகப் பொறுப்பேற்றார்.

1918-இல் போசும் சாகாவும் இணைந்து வளிமங்களின் நிலைச் சமன்பாடு பற்றிய கட்டுரை ஒன்றை இங்கிலாந்தின் பிலசாபிக்கல் மேகசின் இதழில் வெளியிட்டனர். அடுத்து, ஐன்ஸ்டீன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் சார்பியல் கட்டுரைகளை ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர். பிரசாந்த சந்திர மகலனோபிசின் முன்னுரையுடன் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அதனை 1920-இல் நூலாக வெளியிட்டது. ஐன்ஸ்டீனுடன் போசுக்கு ஏற்பட்ட தொடர்பு இவ்வாறு மொழிபெயர்ப்பில்தான் தொடங்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து ஐன்ஸ்டீன் போசின் கட்டுரையை மொழிபெயர்க்க நேர்ந்தது.

டாக்காவும் 1924-ஆம் ஆண்டுக் கட்டுரையும்

1921-இல் புதிதாகத் தொடங்கப்பட்ட டாக்காப் பல்கலைக்கழகத்தின் (இன்று வங்காளதேசத்தில் உள்ளது) இயற்பியல் துறையில் போஸ் ரீடராகச் சேர்ந்தார். முதுநிலை மாணவர்களுக்கு வெப்ப இயக்கவியலும் மின்காந்தக் கொள்கையும் கற்பித்தார். பிளாங்கின் கதிர்வீச்சு விதியைக் கற்பிக்கும்போது இவருக்கு ஒரு நெருடல் ஏற்பட்டது.

சூடான ஒரு பொருள் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒளியை உமிழும் என்பதை மேக்சு பிளாங்க் 1900-ஆம் ஆண்டில் ஒரு வாய்பாடாகத் தந்திருந்தார். வாய்பாடு சோதனைகளுடன் மிகத் துல்லியமாகப் பொருந்தியது. ஆனால் அதை வருவித்த முறையில் ஓர் உள்முரண் இருந்தது. வாய்பாட்டின் ஒரு பகுதி, ஒளியைத் தொடர்ச்சியான அலையாகக் கருதும் பழைய மின்காந்தக் கொள்கையிலிருந்து வந்தது. மற்றொரு பகுதி, ஆற்றல் சிறுசிறு பொட்டலங்களாகவே பரிமாறப்படும் என்னும் புதிய கருத்திலிருந்து வந்தது. ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு கொள்கைகளைப் பெருக்கி விடை பெறப்பட்டது எனலாம். ஐன்ஸ்டீன் உட்படப் பலர் வேறு வழிகளில் முயன்றனர். எனினும் ஏதேனும் ஓரிடத்தில் பழைய கொள்கையின் துணை தேவைப்பட்டது. மாணவர்களுக்கு மனச்சான்றுடன் கற்பிக்கத்தக்க ஒரு வருவிப்பை நாடியே போஸ் இச்சிக்கலை எடுத்துக்கொண்டார். சாகாவுடன் நடந்த உரையாடல்களும் இதற்குத் தூண்டுதலாக இருந்தன.

போசின் தீர்வு நான்கு பக்கங்களில் அடங்கியது. இவர் அலைகளை முற்றாக ஒதுக்கிவிட்டார். ஒளியை ஒளியன்கள் (போட்டான்கள்) நிறைந்த ஒரு வளிமமாகக் கருதினார். ஓர் ஒளியன் இருக்கக்கூடிய இடத்தையும் அதன் உந்தத்தையும் சேர்த்துக் குறிக்கும் கருத்தியல் வெளியை, பிளாங்கு மாறிலியின் முப்படி அளவுள்ள சிறு அறைகளாகப் பகுத்தார். எந்த அறையில் எந்த ஒளியன் உள்ளது என்று கேட்காமல், ஒளியன் இல்லாத அறைகள் எத்தனை, ஓர் ஒளியன் உள்ள அறைகள் எத்தனை, இரண்டு உள்ள அறைகள் எத்தனை என்று மட்டும் கேட்டார். அவ்வாறு எண்ணியபோது பிளாங்கின் விதி முழுமையாகவும் பழைய கொள்கையின் உதவியின்றியும் கிடைத்தது.

எண்ணும் முறையின் விளக்கம்

இரண்டு பெட்டிகளில் இரண்டு பந்துகளை இடுவதாகக் கொள்வோம். பந்துகளுக்கு அ, ஆ என்று பெயரிட்டால், நான்கு வகையாக இடலாம்: இரண்டும் முதற்பெட்டியில், இரண்டும் இரண்டாம் பெட்டியில், அ முதற்பெட்டியிலும் ஆ இரண்டாவதிலும், ஆ முதற்பெட்டியிலும் அ இரண்டாவதிலும். நான்கும் சம வாய்ப்புடையவை என்றால், இரண்டு பந்துகளும் ஒரே பெட்டியில் இருக்கும் வாய்ப்பு நான்கில் இரண்டு, அதாவது பாதி.

இப்போது பந்துகளுக்குப் பெயரே இல்லை, எந்தச் சோதனையாலும் அவற்றைப் பிரித்தறிய முடியாது என்று கொள்வோம். கடைசி இரண்டு வகைகளும் ஒன்றாகிவிடுகின்றன. மொத்தம் மூன்று வகைகளே உள்ளன. அவை சம வாய்ப்புடையவை எனில், இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டாக உயர்கிறது. பெயரை நீக்கியதால் மட்டுமே பந்துகள் ஒன்றுகூடும் வாய்ப்பு கூடிவிட்டது. அவற்றிற்கிடையே ஈர்ப்பு விசை ஏதும் இல்லை என்பதைக் கவனிக்கவும். கோலிக்குண்டுகளும் கிரிக்கெட் பந்துகளும் இவ்வாறு நடப்பதில்லை. அவை எவ்வளவு ஒத்திருந்தாலும் கண்ணால் பின்தொடரத்தக்கவை. ஒளியன்கள் அவ்வாறல்ல.

வகுப்பில் போஸ் தவறுதலாக எண்ணிவிட்டார், அத்தவறே சரியான விடையைத் தந்தது என்று ஒரு கதை பரவலாகக் கூறப்படுகிறது. கதை சுவையானது, ஆனால் கட்டுரையைப் பார்த்தால் தற்செயலான பிழை போலத் தோன்றவில்லை. அதே வேளை, தாம் போல்ட்சுமானின் முறையிலிருந்து இவ்வளவு தூரம் விலகிவிட்டதை அப்போது முழுமையாக உணரவில்லை என்று போசே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டுள்ளார். துகள்களின் தனித்தன்மையை இயற்பியலிலிருந்து நீக்கியவர், அதைச் செய்ததை உடனே அறியவில்லை என்பது இவ்வரலாற்றின் வியப்பான பகுதிகளுள் ஒன்று.

ஐன்ஸ்டீனுக்கு எழுதிய மடல்

போஸ் தம் கட்டுரையை முதலில் பிலசாபிக்கல் மேகசினுக்கு அனுப்பினார். அங்கு அது வெளியாகவில்லை. 1924 ஜூன் 4 அன்று அதை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பி, வெளியிடத் தகுதியானது எனக் கருதினால் ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட ஏற்பாடு செய்யுமாறு வேண்டினார். தாம் முற்றிலும் அறிமுகமற்றவர் எனினும், ஐன்ஸ்டீனின் எழுத்துகளைக் கற்ற வகையில் தாம் ஒரு மாணவரே என்றும், சார்பியல் கட்டுரைகளை மொழிபெயர்த்தவர் என்றும் மடலில் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

முனைவர் பட்டம் இல்லாத, முப்பது வயதான ஒருவர், குடியேற்ற நாடொன்றின் புதிய பல்கலைக்கழகத்திலிருந்து உலகின் மிகப் புகழ்பெற்ற அறிவியலாளருக்கு எழுதிய மடல் அது. ஐன்ஸ்டீன் கட்டுரையைத் தாமே மொழிபெயர்த்து, அதன் சிறப்பைக் குறிப்பிடும் தம் குறிப்பொன்றையும் சேர்த்து சைட்சிரிப்ட் ஃபூர் பிசிக் இதழுக்கு அனுப்பினார். அவ்வாண்டிலேயே அது வெளியானது. போஸ் அனுப்பிய இரண்டாவது கட்டுரையும் ஐன்ஸ்டீனின் மொழிபெயர்ப்பில் வெளியானது. ஆனால் அதன் கருத்துடன் தாம் உடன்படவில்லை என்பதை ஐன்ஸ்டீன் அதன் கீழேயே காரணங்களுடன் எழுதியிருந்தார். இரண்டாம் கட்டுரையின் இந்நிலை பொதுவாக வாழ்க்கை வரலாறுகளில் விடுபட்டுப் போகிறது.

ஐன்ஸ்டீன் மொழிபெயர்ப்புடன் நிற்கவில்லை. எண்ணிக்கை மாறாத அணுக்களுக்கும் இம்முறையைப் பயன்படுத்தி 1924 ஜூலையில் பிரசிய அறிவியல் கழகத்தில் ஒரு கட்டுரை அளித்தார். 1925 ஜனவரியில் அளித்த அடுத்த கட்டுரையில், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே வளிமத்தின் அணுக்களில் பெரும்பகுதி மிகத் தாழ்ந்த ஒரே ஆற்றல் நிலையில் சென்று குவிய வேண்டும் என்று காட்டினார். இதுவே இன்று போஸ்-ஐன்ஸ்டீன் செறிபொருள் எனப்படுகிறது. செறிபொருளை முன்கணித்தவர் ஐன்ஸ்டீனே, போஸ் அல்லர். ஒளியன்கள் எளிதில் தோன்றி மறைபவை. குளிர்வித்தால் அவை எண்ணிக்கையில் குறைந்துவிடுமே தவிர ஒரே நிலையில் குவிவதில்லை. எனவே ஒளியைப் பற்றி மட்டும் எழுதிய போசின் கட்டுரையில் இவ்விளைவு வெளிப்பட இடமில்லை. ஆனால் அக்குவிதலின் வேர், மேலே கண்ட பெயரற்ற பந்துகளின் எண்ணிக்கையிலேயே உள்ளது.

ஐரோப்பாவில்

ஐன்ஸ்டீன் கைப்பட எழுதிய அஞ்சலட்டை, பல்கலைக்கழகம் போசுக்கு இரண்டு ஆண்டு விடுப்பும் உதவித்தொகையும் வழங்கப் பேருதவியாக இருந்தது. 1924 அக்டோபரில் போஸ் பாரிசு நகரை அடைந்தார். அங்கு போல் லாஞ்செவனின் தொடர்பும், மொரிசு டி பிராய் ஆய்வகத்தில் ஊடுகதிர் நிறமாலையியல் பயிற்சியும் கிடைத்தன. மேரி கியூரியைச் சந்தித்தபோது, முதலில் பிரெஞ்சு மொழியை நன்கு கற்றுக்கொண்டு வருமாறு அவர் அறிவுறுத்தினார். போஸ் ஏற்கெனவே பிரெஞ்சு அறிந்தவர். ஆயினும் கியூரியின் பேச்சின் இடையே அதைச் சொல்ல இவருக்குக் கூச்சம் தடையாயிற்று.

1925 அக்டோபரில் பெர்லினுக்குச் சென்று ஐன்ஸ்டீனை நேரில் சந்தித்தார். ஐன்ஸ்டீன் தந்த அறிமுகக் கடிதம் நூலகங்களையும் ஆய்வரங்குகளையும் இவருக்குத் திறந்துவிட்டது. ஆனால் இருவரும் சேர்ந்து எந்தக் கட்டுரையும் எழுதவில்லை. குவாண்டம் இயங்கியல் ஐரோப்பாவில் முழுவடிவம் பெற்ற அந்த இரண்டு ஆண்டுகளையும் போஸ் அதன் நடுவிலேயே கழித்தும், அதில் புதிதாக எதுவும் வெளியிடவில்லை. இது ஏன் என்பதற்கு எளிய விடை கிடையாது. கற்பதில் இவருக்கிருந்த வேட்கை வெளியிடுவதில் ஒருபோதும் இருந்ததில்லை என்பது மட்டும் வாழ்நாள் முழுவதும் தெரிகிறது.

மீண்டும் டாக்கா

1926-இல் டாக்கா திரும்பிய போஸ், ஐன்ஸ்டீனின் பரிந்துரையோடு, முனைவர் பட்டம் இல்லாத நிலையிலும் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் நியமிக்கப்பட்டார். ஊடுகதிர்ப் படிகவியலுக்கான ஆய்வகத்தை அமைத்து, கருவிகளைத் தம் கையாலேயே வடிவமைத்தார். வத்திராயிருப்பைச் சேர்ந்த கா. சீ. கிருஷ்ணன் 1928 இறுதியில் இத்துறையில் ரீடராகச் சேர்ந்து, படிகங்களின் காந்தப் பண்புகள் பற்றிய தம் முக்கிய ஆய்வுகளை 1933 வரை இங்கேயே மேற்கொண்டார். வேதியியல், அயனிமண்டலம், புள்ளியியல் எனப் போசின் ஆர்வம் பல துறைகளில் பரவியிருந்தது. வெளியிட்ட கட்டுரைகளோ மிகச் சிலவே. இவர் நன்கு எசுராஜ் வாசிப்பார் என்பதும், இரவீந்திரநாத் தாகூர் 1937-இல் எழுதிய விஸ்வ பரிசய் என்னும் அறிவியல் நூலை இவருக்கே காணிக்கையாக்கினார் என்பதும் குறிப்பிடத்தக்கவை.

கல்கத்தாவும் வங்க மொழி அறிவியலும்

1945-இல், நாட்டுப் பிரிவினையின் நிழல் வங்காளத்தின் மீது படியத் தொடங்கிய காலத்தில், போஸ் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்குத் திரும்பினார். 1956 வரை அங்குப் பேராசிரியராக இருந்தார். 1952 முதல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகவும் இருந்தார். 1954-இல் இந்திய அரசு பத்ம விபூஷண் விருது வழங்கியது. பின்னர் விசுவபாரதிப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அங்கு அறிவியல் கல்வியை வலுப்படுத்த இவர் செய்த முயற்சிகளுக்கு எதிர்ப்பு இருந்தது. 1958-இல் இலண்டன் அரச கழக உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தொடர்ந்து தேசியப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார்.

இக்காலத்தில் இவர் மிகுந்த உழைப்பைச் செலுத்தியது தாய்மொழியில் அறிவியலைக் கற்பிப்பதற்கே ஆகும். 1948-இல் வங்கீய விஞ்ஞான் பரிஷத் என்னும் அமைப்பை நிறுவி, ஞான் ஓ விஞ்ஞான் என்னும் மாத இதழைத் தொடங்கினார். உயர் அறிவியலை வங்க மொழியில் எழுத இயலாது என்ற வாதத்தை இவர் ஏற்கவில்லை. வாதிட்டுக் கொண்டிராமல், மூல ஆய்வுக் கட்டுரைகளை மட்டுமே கொண்ட இதழொன்றை 1963-இல் வங்க மொழியிலேயே வெளியிட்டுக் காட்டினார். தமிழிலும் இதே வாதம் இன்றளவும் கேட்கப்படுவதால், தமிழ் மாணவர்கள் இதை அறிந்திருப்பது நன்று.

1953 முதல் 1955 வரை ஐன்ஸ்டீனின் ஒருங்கிணைந்த புலக்கோட்பாட்டைப் பற்றிச் சில கட்டுரைகள் வெளியிட்டார். அவை கணித நோக்கில் திறம் வாய்ந்தவை எனினும், இயற்பியல் அவ்வழியே செல்லவில்லை.

நோபல் பரிசு

1956, 1959, 1962 ஆகிய ஆண்டுகளில் இந்திய அறிவியலாளர்கள் போசின் பெயரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தனர். பரிசுக்குழுவுக்காக ஆய்வு செய்த ஆசுகர் கிளைன் இவருடைய பணி பரிசுக்குரியது அன்று எனக் கருதினார். ஒரேயொரு கட்டுரை, அதன் பெரும் விளைவுகளை வெளிக்கொணர்ந்தவர் வேறொருவர், அந்த விளைவோ அப்போது ஆய்வகத்தில் தூய வடிவில் காணப்படவில்லை என்பன போசுக்கு எதிரான வாதங்களாகலாம். மறுபுறம், இயற்கையிலுள்ள துகள்களின் இரண்டு பெரும் வகுப்புகளுள் ஒன்றுக்கு இவர் பெயர் இடப்பட்டுள்ளது. எலக்ட்ரான் போன்ற, ஒரே நிலையில் இரண்டு இருக்க இயலாத துகள்களை ஃபெர்மியான்கள் என்றும், ஒரே நிலையில் எத்தனையும் இருக்கக்கூடியவற்றைப் போசான்கள் என்றும் அழைத்தவர் பால் டிராக் ஆவார். 2012-இல் ஹிக்சு போசான் கண்டறியப்பட்டபோது, செய்தித்தாள்கள் பல ஹிக்சு யார் என்று எழுதின. போசான் என்னும் சொல் எங்கிருந்து வந்தது என்று எழுதியவை சிலவே. நோபல் பரிசு கிடைக்காததை அநீதி என்று முழங்குவதைவிட, அவருடைய பணி எதற்குப் பயன்பட்டது என்று பார்ப்பது பயனுள்ளது.

1974 ஜனவரியில் போசின் எண்பதாம் பிறந்தநாளும் அவருடைய புள்ளியியலின் பொன்விழாவும் கல்கத்தாவில் கொண்டாடப்பட்டன. அடுத்த மாதம், பெப்ரவரி 4 அன்று, அவர் காலமானார். அவர் பெயரிலான தேசிய அடிப்படை அறிவியல் மையம் 1986-இல் கொல்கத்தாவில் நிறுவப்பட்டது.

மீக்குளிர் அணுக்கள்

ஐன்ஸ்டீன் கணித்த செறிபொருளை நெடுங்காலம் பலர் கணிதக் கற்பனை என்றே கருதினர். 1938-இல் நீர்ம ஹீலியம் 2.17 கெல்வினுக்குக் கீழே உராய்வின்றிப் பாய்வது கண்டறியப்பட்டபோது, பிரிட்ஸ் லண்டன் அதற்கும் போஸ்-ஐன்ஸ்டீன் செறிவுக்கும் தொடர்பு உண்டு என்றார். ஆனால் நீர்மத்தில் அணுக்கள் ஒன்றையொன்று வலுவாகப் பாதிப்பதால் படம் தெளிவாக இல்லை. தூய வளிமத்தில் அதைக் காண, அணுக்களின் பொருளலை நீளம் அவற்றிற்கிடையே உள்ள தொலைவுக்கு ஒப்பாகும் அளவு குளிர்விக்க வேண்டும்.

இதற்கு இரண்டு படிகள் தேவைப்பட்டன. முதலில் சீரொளிக் கற்றைகளால் (லேசர்) அணுக்களை எல்லாத் திசைகளிலிருந்தும் தள்ளி வேகத்தைக் குறைத்தனர். பின்னர் காந்தப் பொறியில் அடைத்து, ஆற்றல் மிகுந்த அணுக்களை மட்டும் வெளியேறவிட்டனர். மண்பானையில் நீர் குளிர்வதும் இவ்வாறே. வேகமான மூலக்கூறுகள் ஆவியாகி வெளியேற, எஞ்சியவை குளிர்கின்றன. 1995 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் கொலராடோவில் எரிக் கார்னெல், கார்ல் வீமன் குழுவினர் ஏறத்தாழ 2000 ருபீடியம்-87 அணுக்களைக் கொண்ட செறிபொருளை 170 நானோகெல்வினில் உருவாக்கினர். ஒரு நானோகெல்வின் என்பது ஒரு கெல்வினின் நூறு கோடியில் ஒரு பங்கு. சில மாதங்களில் வுல்ஃப்காங் கெட்டர்லி சோடியத்தைக் கொண்டு மிகப்பெரிய செறிபொருளை உருவாக்கினார். மூவருக்கும் 2001-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ருபீடியம் அணு எவ்வாறு போசான் ஆகும் என்னும் ஐயம் மாணவர்களுக்கு எழலாம். அதில் 37 எலக்ட்ரான்கள், 37 புரோட்டான்கள், 50 நியூட்ரான்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஃபெர்மியானே, ஆனால் மொத்தம் 124, அதாவது இரட்டை எண். இரட்டை எண்ணிக்கையில் ஃபெர்மியான்கள் சேர்ந்தால், அந்த அணு முழுமையாகப் போசானைப் போல் நடக்கும்.

ஒளியைச் சேமித்தல்

கணினியில் ஒரு கோப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் படி எடுக்கலாம். குவாண்டம் தகவலை அவ்வாறு படி எடுக்க இயலாது என்பது 1982-இல் நிறுவப்பட்டது. அறியாத ஒரு குவாண்டம் நிலையை அளந்தால் அது குலைந்துவிடும். குலைக்காமல் நகலெடுக்கவும் வழி இல்லை. ஒளியிழையில் நெடுந்தொலைவு செல்லும் ஒளியன்கள் வழியில் இழக்கப்படுகின்றன. சாதாரணத் தகவல்தொடர்பில் செய்வது போல இடையில் பெருக்கி அனுப்ப முடியாது. எனவே ஒளியனை இடையிடையே நிறுத்தி, அதன் நிலையைத் தொடாமல் வைத்திருந்து, வேண்டும்போது விடுவிக்கும் நினைவகம் தேவை. அணு முகில்களை இதற்குப் பயன்படுத்தும் திட்டம் ஒன்றை 2001-இல் துவான், லூக்கின், சிராக், சோலர் ஆகியோர் முன்வைத்தனர்.

செயல்முறை பின்வருமாறு. அணுவின் இரண்டு தாழ்ந்த ஆற்றல் நிலைகளும் ஓர் உயர்ந்த நிலையும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அணுக்கள் யாவும் முதல் தாழ்நிலையில் உள்ளன. தகவலைச் சுமக்கும் ஒளித்துடிப்பு முகிலில் நுழைந்தால் வழக்கமாக உறிஞ்சப்பட்டுவிடும். ஆனால் வேறொரு கட்டுப்பாட்டுச் சீரொளி முகிலின் மீது விழும்போது முகில் ஒளி ஊடுருவத்தக்கதாகிறது. துடிப்பின் வேகமும் வெகுவாகக் குறைகிறது. 1999-இல் டென்மார்க்கில் பிறந்த இயற்பியலாளர் லேனே ஹௌ, மீக்குளிர் சோடிய முகிலில் ஒளியின் வேகத்தை நொடிக்கு 17 மீட்டராகக் குறைத்தார். இது சாலையில் செல்லும் பேருந்தின் வேகம். வெற்றிடத்தில் பல நூறு மீட்டர் நீளமுள்ள துடிப்பு, மயிரிழை அளவுக்குச் சுருங்கி முகிலுக்குள் அடங்குகிறது. அடங்கியபின் கட்டுப்பாட்டுச் சீரொளியை அணைத்தால் துடிப்பு மறைகிறது. அதன் வடிவமும் கட்டமும் அணுக்களின் இரண்டு தாழ்நிலைகளுக்கிடையேயான கலவையாகப் பதிந்துவிடுகின்றன. மீண்டும் சீரொளியை ஏற்றினால் துடிப்பு உயிர்பெற்று வெளியேறுகிறது. 2001-இல் ஹௌ குழுவினர் இவ்வாறு ஏறத்தாழ ஒரு மில்லிநொடி வரை ஒளியை நிறுத்தினர். அதே காலத்தில் மற்றொரு குழு வெப்பமான ருபீடிய ஆவியிலும் இதைச் செய்துகாட்டியது.

ஆகவே ஒளியை நிறுத்துவதற்குச் செறிபொருள் இன்றியமையாதது அன்று. ஹௌவின் 2001 சோதனையில்கூட முகில் செறிவு வெப்பநிலைக்குச் சற்று மேலேயே இருந்தது. குளிர்ச்சியின் பயன் வேறு. அறை வெப்பநிலையில் அணுக்கள் நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் ஓடுவதால் பதிவு விரைவில் கலைந்துவிடுகிறது. மைக்ரோகெல்வினில் வேகம் நொடிக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே.

போசின் எண்ணிக்கை இந்நினைவகத்தில் நேரடியாக வெளிப்பட்டது 2007-இல். ஹௌ குழுவினர் ஒரு செறிபொருளில் ஒளித்துடிப்பை நிறுத்தினர். பதிவைச் சுமந்த அணுக்கள் மெல்ல நகர்ந்து, 160 மைக்ரோமீட்டர் தொலைவில் தனியே இருந்த இரண்டாவது செறிபொருளுக்குள் புகுந்தன. அங்கே சீரொளியை ஏற்றியபோது அதே ஒளித்துடிப்பு வெளிவந்தது. இரண்டாவது செறிபொருளின் அணுக்கள் முதல் துடிப்பை ஒருபோதும் கண்டதில்லை. எனினும் வந்த அணுக்களுக்கும் அங்கிருந்த அணுக்களுக்கும் இடையே எவ்வகை வேறுபாடும் இல்லாததால், எவை வந்தவை, எவை இருந்தவை என்ற கேள்விக்கே பொருள் இல்லை. அணுக்களுக்குப் பெயர் இருந்திருந்தால் துடிப்பு மீண்டிருக்காது.

மேற்கண்ட சோதனைகள் வலுவான ஒளித்துடிப்புகளைக் கொண்டவை. உண்மையான குவாண்டம் தகவலுக்கு ஒற்றை ஒளியன் போதுமானதாக இருக்க வேண்டும். 2005-இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் குழு குளிர் ருபீடிய முகிலிலும், ஹார்வர்டு குழு ருபீடிய ஆவியிலும் ஒற்றை ஒளியனைச் சேமித்து மீட்டன. 2013-இல் ஜார்ஜியா குழுவினர், ஒளியாலான வலைப்பின்னலில் அணுக்களை அசையாது பிடித்துவைத்து, சேமிப்புக் காலத்தை 16 நொடிகள் வரை நீட்டினர்.